அவசரத்துக்குப் பணம் வேண்டும்: வேலூர்ப் பக்கத்து முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. அந்த ஊர் மட்டுமல்ல. கணியம்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், ஆற்காடு என்று பழைய வட ஆற்காடு முழுக்க ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய மண்தான். ஆனால் அந்த வீடுகளில் திடீரென்று ஒரு செலவு வந்தால் முதலில் படியேறுவது அடகுக்கடையைத்தான். தங்களுக்குச் சேர வேண்டிய உதவி எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது என்பது பலருக்கும் தெரிவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில். தொகைகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் நாளில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே பணம் வேண்டும். சைனிக் போர்டில் கேட்டால் கையில் கொடுப்பார்களா?

கொடுக்க மாட்டார்கள். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம். நாம் சைனிக் போர்டு, ஏ.டி. ஆபீஸ் என்று சொல்லும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், உதவி இயக்குநர் ஒருவரின் கீழ் இயங்குகிறது. மத்திய அரசின் நிதி உதவிக்கு நீங்கள் போடும் விண்ணப்பத்தை அங்கே சரிபார்ப்பார்கள். அது சென்னையில் மாநில அளவில் பார்க்கப்பட்டு, டெல்லியில் இருக்கும் கேந்திரிய சைனிக் போர்டுக்குப் போகும். அனுமதி வந்த பிறகு பணம் நேராக வங்கிக் கணக்கில் விழும். மாதக்கணக்கில் ஆகலாம்.

அதனால் அவசரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்று இரவுக்குள் தீர வேண்டியது ஒன்று: ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, உடலை ஊருக்குக் கொண்டுவருவது மாதிரி. இதற்கு வழி ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம்) கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பணியில் இருப்பவர் என்றால் அவருடைய யூனிட். மற்றது, சில மாதம் தள்ளி வந்தாலும் கடனை அடைக்க உதவும் பணம். அதற்குத்தான் சைனிக் போர்டு. ஆனால் முதல் வேலை முடிந்த கையோடு இரண்டாவதற்கும் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். நிறையப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி பில்லை வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, 'அதுதான் கட்டியாச்சே' என்று இருந்துவிடுவார்கள். கட்டிய பில்லுக்கும் உதவி கேட்கலாம் என்பது தெரிவதில்லை.

ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஈ.சி.எச்.எஸ். கார்டு இருக்கிறது, ஆனால் அதன் பாலிகிளினிக் மூடியிருக்கும். ரெஃபரல் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் ரெஃபரல் தேவையில்லை. ஈ.சி.எச்.எஸ்.ஸோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரி என்றால் கார்டைக் காட்டிச் சேர்த்துவிடலாம்; முன்பணம் கட்டத் தேவையில்லை, தகவலை அவர்களே ஈ.சி.எச்.எஸ்.ஸுக்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்தம் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் செலவை நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டும். அப்படிச் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஒருவர் இதற்கென்றே பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் கலங்கிப்போய் நிற்கும்போது இந்த ஒரு வேலைதான் மறந்துபோகும்.

அப்புறம் ஒன்று. ஒப்பந்தம் இல்லாத ஆஸ்பத்திரியில் நீங்கள் கட்டிய தொகை முழுவதும் திரும்பாது. அரசு வைத்திருக்கும் விகிதப்படிதான் கணக்குப் போடுவார்கள். அதனால் உடம்பு சற்று நிலைக்கு வந்ததும் ஒப்பந்த ஆஸ்பத்திரிக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அசல் பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, அவசர நிலையில்தான் சேர்த்தோம் என்று டாக்டர் தரும் சான்று ஆகிய எதையும் விடாதீர்கள்.

வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த ஆஸ்பத்திரிகள் ஒப்பந்தத்தில் உள்ளன என்ற பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். நல்ல நாளிலேயே பாலிகிளினிக்கில் கேட்டு எழுதி, கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.எச்.எஸ். இலவச உதவி எண் 1800 114 115.

எங்களுக்குப் பென்ஷனும் இல்லை, ஈ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன வழி?

108-ஐ அழைத்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். 'மிலிட்டரிக்காரர் வீடு, நமக்குக் கிடையாது' என்று நினைத்து விண்ணப்பிக்காத குடும்பங்கள் இருக்கின்றன. பார்ப்பது வருமானத்தைத்தான். பழைய சிப்பாய் என்பதற்காக யாரையும் தள்ளமாட்டார்கள்.

சாலை விபத்து என்றால் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உண்டு. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வருமான வரம்பு கிடையாது. சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலை நம் ஊர்களை ஒட்டியே ஓடுவதால் இதை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இவை போக, கையிலிருந்து செலவழித்ததற்கு கேந்திரிய சைனிக் போர்டின் மருத்துவ உதவி இருக்கிறது. பென்ஷன் இல்லாத முன்னாள் படைவீரருக்கும் அவருடைய விதவைக்கும் அதிகபட்சம் 50,000 ரூபாய். முன்பு 30,000 ஆக இருந்து 2023-இல் உயர்த்தப்பட்டது. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு மாதிரியான கடும் நோய்களுக்குத் தனியாக 1.50 லட்சம் வரை. முதலாவது ஹவில்தார் ரேங்க் வரை இருந்தவர்களுக்கு. கடும் நோய் உதவிக்கு ரேங்க் தடையில்லை.

அப்பா 9 வருடம் மட்டும் சர்வீஸ் செய்துவிட்டு வீட்டுச் சூழ்நிலையால் வந்துவிட்டார். பென்ஷன் கிடையாது. இப்போது 70 வயது. அவருக்கு ஏதாவது உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சொல்லுங்கள்.

சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 வருட சர்வீஸ் வேண்டும். அதற்கு முன்பே வெளியே வந்தவர்கள் நம் கிராமங்களில் எத்தனையோ பேர். 1971 சண்டையைப் பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. ஊரில் மிலிட்டரிக்காரர் என்ற மரியாதை இருக்கும், மாதா மாதம் வரும் பணம் இருக்காது. கேன்டீனில் சரக்கு வாங்குகிறவர்களைப் பார்த்து 'ராணுவத்தில் இருந்தால் கவலையே இல்லை' என்று ஊரார் பேசுவார்கள். இவர் எதுவும் சொல்லாமல் போய்விடுவார்.

இவர்களுக்காகவே ஏழ்மை உதவித்தொகை ஒன்று இருக்கிறது. 65 வயதைத் தாண்டிய, ஹவில்தார் ரேங்க் வரை இருந்த, பென்ஷனோ வேறு நிலையான வருமானமோ இல்லாத முன்னாள் படைவீரருக்கும், அப்படிப்பட்டவரின் விதவைக்கும் மாதம் 8,000 ரூபாய். முன்பு 4,000 ஆக இருந்ததை 2025 அக்டோபரில் இரட்டிப்பாக்கினார்கள். 2025 நவம்பர் 1 முதல் கொடுத்த விண்ணப்பங்களுக்கு இந்தப் புதிய தொகை. ஒரு தடவை கொடுத்து முடிக்கும் உதவி இல்லை இது. வாழ்நாள் ஆதரவுக்காகவே வைத்தது.

இரண்டு இடங்களில் சிக்கல் வரும். ஒன்று, முன்னாள் படைவீரர் என்ற தகுதி. எந்த ஆண்டில், எந்தக் காரணத்துக்காக வெளியே வந்தார் என்பதைப் பொறுத்து அது மாறும். சொந்த விருப்பத்தில் வந்தவரா, உடல்நிலையால் அனுப்பப்பட்டவரா, நடத்தை சரியில்லை என்று நீக்கப்பட்டவரா என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும். நீங்களாகவே 'நமக்கு வராது' என்று முடிவு கட்டாமல் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரண்டு, டிஸ்சார்ஜ் புக்கே காணோம் என்பது. வெள்ளத்தில் போயிற்று, கரையான் தின்றுவிட்டது, வீடு மாற்றும்போது தொலைந்தது என்று பல கதைகள். ஆர்மி நம்பர் தெரிந்தால் போதும், அவர் படைப்பிரிவின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் படை) என்றாலும் ஏ.எஸ்.சி. (வழங்கல் படை) என்றாலும் பெங்களூர், பீரங்கிப்படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஈ.எம்.ஈ. (மின், இயந்திரப் பொறியாளர் படை) என்றால் செகந்திராபாத். நம்பரும் மறந்துபோனால் பழைய மணியார்டர் ரசீது, மெடல், கடித உறை எதிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். மெடலின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும்.

கேட்கவே கூச்சப்படும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது டிசம்பர் 7 கொடிநாளில் பள்ளிப் பிள்ளைகள் முதல் கடைக்காரர் வரை உண்டியலில் போடும் பணத்திலிருந்து வருகிறது. 1949-இலிருந்து அப்படிச் சேர்க்கிறார்கள். படைவீரருக்கு என்று பெயர் சொல்லிச் சேர்த்த பணத்தை அந்தப் படைவீரர் வாங்காமல் வேறு யார் வாங்குவது?

பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், பையனுக்குக் காலேஜ் ஃபீஸ். இதற்கெல்லாம் உதவி உண்டா?

ஹவில்தார் ரேங்க் வரை உண்டு. பென்ஷன் வாங்குபவரும் கேட்கலாம். கல்யாண உதவி ஒரு பெண்ணுக்கு 1 லட்சம் ரூபாய், அதிகபட்சம் இரண்டு பெண்கள். விதவை மறுமணத்துக்கும் இதே தொகை. கல்யாணம் முடிந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் மறுவீடு, சீர் எல்லாம் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கல்வி உதவி ஒரு பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய், இரண்டு பிள்ளைகள் வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை. இன்ஜினியரிங், மருத்துவம், நர்சிங் மாதிரித் தொழிற்படிப்பு என்றால் பிரதமர் உதவித்தொகைத் திட்டத்தில் பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. அது மதிப்பெண் பார்த்துப் போட்டியில் வருவது.

மாநில அரசின் நிதியிலிருந்தும் தனியாக உதவிகள் இருக்கின்றன. எது யாருக்கு என்ற பட்டியலை மாவட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். மத்திய உதவிக்குப் போனவர்கள் மாநில உதவியைப் பற்றிக் கேட்காமலே திரும்பிவிடுவது வழக்கமாக நடக்கிறது.

வீட்டுக்காரர் போன மாதம் இறந்துவிட்டார். அவர் பென்ஷன் நின்றுவிட்டது. என் பெயருக்கு எப்போது வரும்? அதுவரை அவர் ஏ.டி.எம். கார்டில் இருக்கும் பணத்தை எடுக்கலாமா?

அம்மா, அந்தக் கார்டில் கை வைக்காதீர்கள். அவர் இறந்த நாளுக்குப் பிறகு கணக்கில் விழுந்த பென்ஷன் அரசுப் பணம். எடுத்துவிட்டால் பின்னால் உங்கள் குடும்பப் பென்ஷனில் பிடித்துக்கொள்வார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கென்று எடுத்துவிட்டுப் பிறகு ஒரு வருடம் பிடித்தம் கொடுப்பது பெரிய கஷ்டம்.

செய்ய வேண்டியது: இறப்புச் சான்று கையில் வந்த உடனே வங்கிக்கும் ஸ்பர்ஷுக்கும் தகவல் சொல்வது. ராணுவப் பென்ஷன் முழுக்க இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறையில்தான் ஓடுகிறது. கணினி தெரியாவிட்டால் பொதுச் சேவை மையத்திலோ, ஸ்பர்ஷ் சேவை தரும் வங்கிக் கிளையிலோ செய்து கொடுப்பார்கள். இறப்புச் சான்று, பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை), உங்கள் ஆதார், பான், உங்கள் பெயரில் வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றை எடுத்துப்போங்கள். பி.பி.ஓ.வில் மனைவி என்று உங்கள் பெயர் சரியாக இருந்தால் வேலை சுலபம்.

தொகை எவ்வளவு என்றால், சாதாரணக் குடும்பப் பென்ஷன் அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். 9,000 ரூபாய்க்குக் குறையாது, அதற்கு மேல் அகவிலைப்படி. அவர் 67 வயதுக்கு முன்பே இறந்திருந்தால் முதலில் கூடுதல் விகிதத்தில் வரும். ஏழு வருடம் அல்லது அவருக்கு 67 முடியும் நாள், எது முன்னால் வருகிறதோ அதுவரை. 40 வயதிலேயே ஓய்வு பெறும் சிப்பாய்களின் குடும்பங்களுக்கு இது முக்கியம். தொகை குறைவாக வந்தால் கேளுங்கள்.

அவர் இறக்கும் வரை வாங்காமல் நின்ற பாக்கி தனி. அது நாமினிக்கு வரும். ஓய்வு பெறும்போது ஆர்மி குரூப் இன்சூரன்ஸில் ஒரு தொகை பிடித்து, ஓய்வுக்குப் பின்னும் காப்பீடு தொடர்ந்திருக்கலாம். அந்தச் சான்றிதழ் பீரோவில் எங்கேயாவது இருக்கும், தேடிப் பாருங்கள். பென்ஷன் கணக்கு வைத்திருந்த வங்கியிலும், விபத்து மரணம் என்றால், அந்தக் கணக்கோடு காப்பீடு இருந்ததா என்று கேட்க வேண்டும். வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால் 2 லட்சம். கேட்காமல் யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

அவர் ராணுவத்துக்குப் பிறகு வங்கியில் வேலை பார்த்து அங்கேயும் பென்ஷன் வாங்கினார். ஒரு குடும்பப் பென்ஷன்தான் கிடைக்கும் என்கிறார்கள்.

அது பழைய விதி. 2012 செப்டம்பர் 24 முதல் ராணுவக் குடும்பப் பென்ஷனையும், மறுவேலையில் கிடைத்த குடும்பப் பென்ஷனையும் சேர்த்தே வாங்கலாம். முன்பு ஒன்றை விட்டுக்கொடுத்தவர்கள் இப்போதும் விண்ணப்பிக்கலாம்.

டிஸ்சார்ஜ் புக்கில் என் பெயர் லட்சுமி. ஆதாரில் விஜயலட்சுமி. ஆறு மாதமாக அலைகிறேன்.

இந்தப் பெயர்ச் சிக்கலில்தான் நம் பக்கத்துப் பெண்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கணவர் இருபது வயதில் ஆள்சேர்ப்பில் நின்றபோது வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்பார். எழுதிய கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது. இனிஷியலை எங்கே போடுவது என்று அவருக்குப் புரியாமல் மாமனார் பெயரையே குடும்பப் பெயராக்கியிருப்பார். பிறந்த தேதி இடத்தில் வெறும் வருடம் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. முப்பது வருடம் அந்தப் புத்தகத்தை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

கணவர் உயிரோடு இருந்தால் இன்றே திருத்துங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அவர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தால் மாவட்ட அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸில் திருத்தம் ஏறும். அதை வைத்துத் திருத்திய பி.பி.ஓ. வரும். அவர் போன பிறகு அதே திருத்தத்துக்கு அஃபிடவிட், இருவரும் ஒருவர்தான் என்ற சான்று, வாரிசுச் சான்று, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், சேர்ந்து எடுத்த போட்டோ என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கேட்பது நியாயமானதுதான், வேறு யாரும் அந்தப் பணத்தை எடுத்துவிடக் கூடாதல்லவா. ஆனால் அந்த அலைச்சல் எழுபது வயது அம்மாவின் தலையில் விழுகிறது.

பிறந்த தேதி பதியாமல் விட்டால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 80 வயது முடிந்தால் பென்ஷனிலும் குடும்பப் பென்ஷனிலும் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் இரட்டிப்பு. வயது பதிவில் இல்லாத அம்மாவுக்கு இது தானாக வராது. உங்கள் பாட்டிக்கு வருகிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள்.

ஊர் முகவரியிலும் ஒரு குழப்பம் வரும். புத்தகத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, மிச்சம் பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தன. ஆதாரில் ராணிப்பேட்டை, புத்தகத்தில் வட ஆற்காடு என்று வந்தால் வெளி மாநிலத்தில் இருக்கும் கிளார்க்குக்கு அது இரண்டு ஊர். ஒரே கிராமம்தான் என்று வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சான்று வாங்கி இணைத்துவிடுங்கள். புது மாவட்டத்தில் இருப்பவர்கள் பழைய பதிவு வேலூரில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணியில் இருந்த மகன் இறந்துவிட்டான். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. யார் என்ன செய்வார்கள்?

உங்கள் துயரத்தில் காகிதங்களைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. ஆனாலும் சில விஷயங்களை வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடலைக் கொண்டுவருவதும் உடனடி உதவித் தொகையும் யூனிட்டின் பொறுப்பு. உடலோடு வரும் ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) அல்லது ஹவில்தாரின் பெயர், யூனிட்டின் எண் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னாளில் எல்லாவற்றுக்கும் அந்தத் தொடர்புதான் உதவும். அடுத்து ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து படிவங்கள் வரும். குரூப் இன்சூரன்ஸ், சேமநல நிதி, பணிக்கொடை, குடும்பப் பென்ஷன் எல்லாம் தனித்தனிப் படிவம். நிரப்பத் தெரியாவிட்டால் மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துப்போங்கள்.

எப்படி இறந்தார் என்பதை வைத்துத் தொகை மாறும். சாதாரணக் குடும்பப் பென்ஷன் 30 சதவீதம் (முதல் பத்து வருடம் கூடுதல் விகிதம்), பணியால் நேர்ந்த மரணம் என்றால் சிறப்புக் குடும்பப் பென்ஷன் 60 சதவீதம், போரிலோ தீவிரவாதிகளோடு மோதலிலோ என்றால் முழுச் சம்பளமும். பணியின்போது விபத்து, பயங்கரவாதத் தாக்குதல் என்றால் மத்திய அரசின் கருணைத்தொகை 25 லட்சம், எல்லை மோதல் என்றால் 35 லட்சம், எதிரி நாட்டுடன் போர் என்றால் 45 லட்சம். இவை 2016 முதல் உள்ள அளவுகள். அதனால் 'பணியால் நேர்ந்தது' என்ற முடிவு மிக முக்கியம். விசாரணை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தற்கொலை என்று சொல்லப்பட்டாலும் சாதாரணக் குடும்பப் பென்ஷன் மறுக்கப்படாது. வெட்கத்தால் விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

மருமகளுக்கும் மாமியாருக்கும் நடுவில் பணத்தால் மனக்கசப்பு வரும் வீடுகளை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். பொதுவாகக் குடும்பப் பென்ஷன் மனைவிக்கு. இன்சூரன்ஸும் சேமநல நிதியும் அவர் நாமினேஷனில் எழுதிய பங்குப்படி. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு சண்டை வளர்கிறது. பெற்றோருக்கு மகனின் ஆதரவே கதியாக இருந்ததென்றால், பணியில் இருக்கும்போதே நாமினேஷனில் அவர்களுக்கும் ஒரு பங்கு எழுதி வைப்பது மகனின் கையில் இருக்கிறது. லீவில் வரும் பிள்ளைகளிடம் இதைக் கேட்பது அபசகுனம் ஒன்றும் இல்லை.

என் தம்பி அக்னிவீர். அவனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. நான்கு வருடம் முடித்து வருபவருக்குப் பென்ஷனும் இல்லை, ஈ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை. சேவா நிதி சுமார் 11.71 லட்சம் கையில் வரும். பணியில் இருக்கும்போது 48 லட்சத்துக்குக் காப்பீடு உண்டு. பணியால் நேர்ந்த மரணம் என்றால் அதோடு 44 லட்சம் கருணைத்தொகையும், மீதி நாட்களுக்கான சம்பளமும் சேவா நிதியும் சேரும். ஊனம் ஏற்பட்டால் அளவைப் பொறுத்து 44, 25, 15 லட்சம். வீடு திரும்பும்போது சேவா நிதியை முழுக்க வீடு கட்டப் போட்டுவிடாமல், குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடாவது எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அப்பா சி.ஆர்.பி.எஃப். சைனிக் போர்டில் எங்களைச் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள்.

சரியாகத்தான் சொல்கிறார்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அவர்களுக்கு நலன் மற்றும் மறுவாழ்வு வாரியம் என்று தனி அமைப்பு உண்டு, பிள்ளைகளுக்குப் பிரதமர் உதவித்தொகையும் அங்கே தனியாக உண்டு. அப்பா கடைசியாக இருந்த படைப்பிரிவின் அலுவலகத்தில் தொடங்குங்கள். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் இருந்தவர்கள் கடற்படை என்பதால் சைனிக் போர்டுக்கே வரலாம்.

பென்ஷன் ஏ.டி.எம். கார்டை வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டோம். மாதா மாதம் அவரே எடுத்துக்கொள்கிறார்.

வங்கிக்குப் போய்க் கார்டை முடக்கிவிட்டு வேறு கார்டு வாங்குங்கள். இது உங்கள் கணக்கு. கடன் வாங்கியது உண்மை என்றால் திருப்பித் தர வேண்டியதுதான், ஆனால் கார்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. மிரட்டினால் போலீஸில் எழுத்தாகக் கொடுங்கள், ஒரு நகலைக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் கொடுங்கள். பென்ஷன் வரும் வங்கியிலேயே பென்ஷன் லோன் கேட்கலாம். நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் வைக்கலாம். இரண்டிலும் வட்டி மீட்டர் வட்டி மாதிரிக் கழுத்தை நெரிக்காது.

கடை, பட்டறை, மாட்டுப் பண்ணை என்று தொழில் தொடங்கத்தான் பணம் என்றால், 2025-இல் தொடங்கிய 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தைக் கேளுங்கள். 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். அவசரச் செலவுக்கு இதை நம்பக் கூடாது.

விண்ணப்பத்தை முடித்துத் தர ஒருவர் பத்து சதவீதம் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். எந்த உதவிக்கும் கமிஷன் கிடையாது. கேந்திரிய சைனிக் போர்டு விண்ணப்பங்கள் எல்லாம் இணையத்தில், உங்கள் பெயரிலேயே ஒரு கணக்குத் திறந்து போடுவது. அந்தக் கடவுச்சொல்லும் கைபேசி எண்ணும் உங்களிடமே இருக்கட்டும். ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறேன், பென்ஷன் நிற்கப்போகிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று வரும் போனுக்குப் பதில் சொல்லாமல் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதானா?

திருப்பி அனுப்பியதற்கும் மறுத்ததற்கும் வித்தியாசம் உண்டு. பெரும்பாலும் ஒரு காகிதம் குறை, ஒரு கையெழுத்து இல்லை என்றுதான் திரும்பும். என்ன குறை என்று எழுத்தில் கேட்டு வாங்கி மறுபடி போடுங்கள். முன்னாள் படைவீரர்களுக்கென்றே கலெக்டர் அவ்வப்போது சிறப்புக் குறைதீர் கூட்டம் நடத்துகிறார், தேதி பத்திரிகையில் வரும். பென்ஷன் விஷயத்தில் முழுதாக மறுத்துவிட்டால் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வக்கீல் ஃபீஸ் கொடுக்க வழியில்லை என்று தயங்க வேண்டாம். தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் படைவீரர் குடும்பங்களுக்கென்றே இலவசச் சட்ட உதவித் திட்டம் தொடங்கியிருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

முதல் தடவை ஏ.டி. ஆபீஸுக்குப் போகிறேன். என்ன எடுத்துப்போக வேண்டும்?

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. இருந்தால் அது, முன்னாள் படைவீரர் அல்லது விதவை அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், நான்கு போட்டோ. எல்லாவற்றிலும் அசலும் இரண்டு நகலும். அடையாள அட்டையே இன்னும் வாங்கவில்லை என்றால் அன்றைக்கு அதற்குத்தான் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும், பதிவு இல்லாமல் மற்ற எதுவும் நகராது. எழுத்துவேலைக்குத் துணையாகப் படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போங்கள். கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் ஏற்புச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.